சிலிம் ரிவர் போவது எப்படி? டிக்கெட் கவுண்டர் இல்லாத ஒரு போர்க்களத்துக்கான பயணக் குறிப்பு

ஏதென்ஸ் போகிறவர்கள் சிலர் ஒரு நாள் ஒதுக்கி மராத்தான் போய் வருவார்கள். நகரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். கி.மு. 490-ல் பாரசீகப் படையோடு மோதி உயிர்விட்ட 192 ஏதென்ஸ் வீரர்களை அடக்கம் செய்த மண்மேடு அங்கே இருக்கிறது. பஸ் பிடித்து, டிக்கெட் வாங்கி, மேட்டைப் பார்த்து, நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பலாம். வழிகாட்டிக் குறிப்புகளுக்குப் பஞ்சமே இல்லை.

கோலாலம்பூரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டரில் நமக்கும் அப்படி ஓர் இடம் இருக்கு. பேராக், சிலிம் ரிவர். 1942 ஜனவரி 7-ஆம் தேதி, விடிவதற்கு முன் தொடங்கி ஒரே காலையில் மலாயாவின் தலையெழுத்தை மாற்றிய சண்டை அங்கேதான் நடந்தது. நான்கு நாள்களில் கோலாலம்பூர் ஜப்பானியர் கையில். பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரும் விழுந்தது. சண்டை நடந்த சாலை ரப்பர் தோட்டங்களின் ஊடாகப் போகிற சாலை. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். உங்கள் பாட்டன், பூட்டன் பேராக்கின் தெற்குப் பக்கம் என்றால், இது பாடப்புத்தகக் கதை மட்டுமல்ல, வீட்டுக் கதையும்கூட.

ஆனால் அங்கே போய் இறங்கினால் பெரிய அருங்காட்சியகம் இல்லை, டிக்கெட் கவுண்டர் இல்லை, காதில் மாட்டிக் கேட்கும் ஆடியோ விளக்கம் இல்லை. என்ன பார்ப்பது என்று தெரியாமல் போனால் ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு அடுத்த ரயிலில் திரும்பி வர வேண்டியதுதான். அதனால்தான் இந்தக் குறிப்பு.

முதலில், பெயர்க் குழப்பம்

சிலிம் ரிவர் என்பது ஊர். சிலிம் வில்லேஜ் வேறு ஊர். உலு சிலிம் இன்னும் உள்ளே, மலையடிவாரத்தில். மூன்றும் ஒரே பெயர்க் குடும்பம் என்பதால், கைப்பேசி வரைபடத்தில் 'சிலிம்' என்று மட்டும் தட்டினால் எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல முடியாது. முழுப் பெயரையும் போட்டுத் தேடுங்க.

இன்னொரு குழப்பம்: பர்மாவில் ஜப்பானியரைத் தோற்கடித்த பிரிட்டிஷ் தளபதி வில்லியம் ஸ்லிம் பெயரைத்தான் ஊருக்கு வைத்தார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. பிரிட்டிஷ் அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாம், சிலிம் ஆற்று வழியாகத் தான் செய்த பயணத்தைப் பற்றி எழுதிய கட்டுரை 1880-லேயே அச்சாகிவிட்டது. தளபதி ஸ்லிம் பிறந்ததே 1891-ல்.

ஊர் இப்போது முவாலிம் மாவட்டத்தில் இருக்கிறது. அந்த மாவட்டம் 2016-ல் உருவானது. அதற்கு முன் பத்தாங் பாடாங். தாத்தாவின் பிறப்புப் பத்திரத்தில் 'பத்தாங் பாடாங்' என்று இருந்தால் குழம்ப வேண்டாம்.

எப்படிப் போவது?

ரயில் சுலபம். கே.எல் சென்ட்ரலிலிருந்து ஈப்போ பக்கம் போகும் இ.டி.எஸ் ரயில்களில் பல சிலிம் ரிவரில் நிற்கும், எல்லாமும் நிற்காது. அதிவேகச் சேவைகள் நிற்காமல் பறந்துவிடும். டிக்கெட் எடுக்கும்போது 'ஈப்போ' என்று போட்டுவிட்டு நடுவில் இறங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இறங்கும் இடமாக சிலிம் ரிவரையே தேர்ந்தெடுங்கள், அப்போதுதான் அங்கே நிற்கும் ரயில்கள் மட்டும் பட்டியலில் வரும். பயண நேரம் சுமார் ஒன்றரை மணி. தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, பள்ளி விடுமுறை என்றால் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். வெள்ளி மாலை, ஞாயிறு மாலை வண்டிகளில் தஞ்சோங் மாலிம் உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் கூட்டமும் சேரும்.

செலவு குறைய வேண்டுமா? கோமுட்டர் ரயில் தஞ்சோங் மாலிம் வரை போகிறது. அங்கிருந்து கிராப் கிடைக்கும். ஆனால் சின்ன ஊர்களில் போகும்போது கிடைக்கிற கிராப், வரும்போது கிடைக்கும் என்று நம்ப முடியாது. கொண்டுபோய் விட்ட ஓட்டுநரிடமே திரும்பி வரும் நேரத்தையும் கட்டணத்தையும் பேசி வைத்துக்கொள்வது நல்லது. இதைச் செய்யாமல் நான் ஒருமுறை ஒரு செம்பனைத் தோட்ட வாசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். துணைக்கு இரண்டு நாய்கள்.

உண்மையைச் சொன்னால், இந்தப் பயணத்துக்குக் கார்தான் சரி. பார்க்க வேண்டியவை ஒரே இடத்தில் இல்லை, சாலை நெடுகக் கிடக்கின்றன. நான்கு பேர் சேர்ந்து ஒரு கார், கூட வீட்டுப் பெரியவர் ஒருவர். அந்தப் பெரியவர் ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அன்று காலை என்ன நடந்தது? அதை எப்படிப் பார்ப்பது?

பிளஸ் நெடுஞ்சாலையில் போனால் எதுவும் தெரியாது. அது 1990-களில் முழுமையானது, சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் பிடிக்க வேண்டியது பழைய சாலை, கூட்டரசு சாலை எண் 1. பெரியவர்கள் மைல்கல்லை வைத்து 'இத்தனையாவது கட்டை' என்று கணக்குச் சொல்வார்களே, அந்தச் சாலை.

திசையும் முக்கியம். ஜப்பானியர் வடக்கிலிருந்து தெற்கே வந்தார்கள். அதனால் நேராக சிலிம் ரிவருக்குள் நுழையாமல், கொஞ்சம் வடக்கே துரோலாக் வரை போய், அங்கிருந்து தெற்கே திரும்பி ஓட்டிக்கொண்டு வாங்க.

அதிகாலை சுமார் மூன்றரை மணி. துரோலாக்கிற்கு வடக்கே காவலுக்கு நின்றது 11-ஆவது இந்தியப் பிரிவு. பிரிட்டிஷ் படை என்று பாடத்தில் படித்திருப்போம், ஆனால் அங்கே நின்றவர்களில் பெரும்பாலோர் ஐதராபாத், பஞ்சாப், கூர்க்கா படைப்பிரிவுகளைச் சேர்ந்த சிப்பாய்கள். கூடவே ஆர்கைல் என்ற ஸ்காட்லாந்துப் படை. கம்பாரில் சண்டை போட்டுவிட்டுப் பின்வாங்கி வந்தவர்கள், வாரக்கணக்கில் சரியான தூக்கமில்லை. அவர்களிடம் டாங்கி ஒன்றுகூடக் கிடையாது. இந்தக் காட்டிலும் ரப்பர் தோட்டத்திலும் டாங்கி ஓடாது என்ற நினைப்பு மேலிடத்தில் இருந்தது.

மேஜர் ஷிமாடா தலைமையில் வந்த டாங்கிகள் காட்டுக்குள் இறங்கவே இல்லை, சாலை வழியாகவே வந்தன. தடுப்பு போட்டிருந்த இடத்தில் என்ன செய்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். பழைய சாலையின் வளைவுகளை முன்பே நேராக்கியிருந்தார்கள். கைவிடப்பட்ட அந்த வளைவுத் துண்டுகள் மரங்களுக்குள் மறைந்து கிடந்தன. டாங்கிகள் அதில் திரும்பி, தடுப்பைச் சுற்றிக்கொண்டு மறுபடி பெரிய சாலையில் ஏறின. முன்னால் நின்றவர்கள் சிதறினார்கள். பின்னால் இருந்தவர்களுக்குத் தகவல் போகவில்லை. குளுனி தோட்டத்தின் வழியே சாலையில் அணிவகுத்து நடந்துகொண்டிருந்த கூர்க்கா படை ஒன்று, முதுகுக்குப் பின்னால் டாங்கிச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்த நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

காலை எட்டரை வாக்கில் டாங்கிகள் சிலிம் ஆற்றுச் சாலைப் பாலத்தை அடைந்தன. பாலத்தை வெடிவைத்துத் தகர்க்கக் கம்பிகள் தயாராக இருந்தன. வாத்தானபே என்ற இளம் அதிகாரி டாங்கியிலிருந்து இறங்கி ஓடி, தன் வாளால் அந்தக் கம்பிகளை வெட்டினார். பாலம் முழுசாகக் கிடைத்தது. அதற்குத் தெற்கே சில கிலோமீட்டரில், ஒரு பீரங்கி மிக அருகிலிருந்து சுட்ட பிறகுதான் முதல் டாங்கி நின்றது. அதற்குள் ஆறு மணி நேரத்தில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வந்துவிட்டார்கள். சுமார் 3,000 வீரர்கள் சிறைபிடிக்கப்பட்டார்கள்.

அதே தூரத்தை உங்கள் கார் அரை மணி நேரத்தில் கடந்துவிடும். அதனால் மெதுவாகப் போங்க. வளைவுகளில் சாலையோரத்தைப் பாருங்க. புல் மூடிய பழைய தார்ப்பட்டை எங்காவது தெரிந்தால், அது வெறும் பழைய ரோடு இல்லை. ஆனால் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். செம்பனை லாரிகள் ஓடும் சாலை, ஓரம் குறுகல். தள்ளி ஒரு கடை வாசலில் நிறுத்திவிட்டு நடந்து வரலாம்.

தோட்டம் எங்கே போச்சு?

நம்மில் பலர் தேடிப் போவது இதைத்தான். 'பாட்டி பிறந்த தோட்டம் பார்க்கணும்.' போய்ப் பார்த்தால் பால்மரமே இருக்காது, எல்லாம் செம்பனை. லயம் இடிந்து, புல் முளைத்திருக்கும். ஊர்க்காரர்கள் டவுனுக்கோ, ரவாங்குக்கோ, கிள்ளானுக்கோ போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும்.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு அடையாளங்கள் இருக்கின்றன. ஒன்று கோயில். லயம் போனாலும் கோயில் நிற்கும். செம்பனைக் காட்டுக்கு நடுவில் தனியாக ஒரு மாரியம்மன் கோயிலோ, மரத்தடியில் முனீஸ்வரர் சூலமோ தெரிந்தால், அதைச் சுற்றித்தான் ஒரு காலத்தில் வீடுகள் இருந்தன. வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் சில கோயில்கள் திருவிழா அன்று மட்டும் நிரம்பி வழியும். பழைய தோட்டத்து மக்கள் எங்கெங்கிருந்தோ திரும்பி வருவது அந்த ஒரு நாள்தான். உங்கள் குடும்பத்துத் தோட்டம் எது என்று தெரிந்தால், அதன் திருவிழாத் தேதியை விசாரித்து அன்றைக்கே போங்க. பத்து நாள் தேடினாலும் கிடைக்காத ஆட்கள் ஒரே மதியத்தில் சோற்றுப் பந்தியில் கிடைப்பார்கள்.

இரண்டாவது, தமிழ்ப்பள்ளியின் பெயர். 'ளாடாங்' என்ற சொல்லோடு தொடங்கும் பெயர்ப்பலகை இன்னும் நாடு முழுக்க இருக்கிறது. பல இடங்களில் தோட்டம் கைமாறி, மக்கள் கலைந்த பிறகும் பள்ளி அந்தப் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. சிலிம் ரிவர் வட்டாரத்திலும் குளுனி, கெலாப்பா பாலி என்று தோட்டப் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் உண்டு. கொஞ்சம் நின்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கும்: குளுனி ஒரு ஸ்காட்லாந்துப் பெயர். ஸ்காட்லாந்துப் பெயர் வைத்த தோட்டத்து வழியாக நேப்பாளத்துக் கூர்க்காக்கள் நடந்துபோனபோது ஜப்பான் டாங்கி வந்தது. அந்தப் பெயரை இன்று சீருடையில் குத்திக்கொண்டு போவது நம்ம பிள்ளைகள்.

இங்கே சில கட்டுப்பாடுகள் உண்டு. தோட்டங்கள் தனியார் நிலம். வாசலில் காவலாளி இருந்தால் நேராகப் போய் 'என் பாட்டி இங்கே வேலை செய்தவங்க, கோயில் வரை போய் வரணும்' என்று சொல்லுங்க. பெரும்பாலும் விடுவார்கள். விடவில்லை என்றால் அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள், வேலியோரம் நுழையாதீர்கள். செம்பனைக் காட்டில் பாம்பும் உண்டு, வழி தவறுவதும் சுலபம், எல்லா வரிசையும் ஒரே மாதிரி இருக்கும். பள்ளிக்கூடம் என்றால் தலைமையாசிரியரிடம் முன்பே கேட்டுவிட்டுப் போங்கள். பிள்ளைகளைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவது வேண்டாம்.

கூட ஒரு பெரியவர் ஏன்?

1942-ல் எட்டு வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார். அப்படி ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், மற்ற எல்லாத் திட்டத்தையும் தள்ளி வைத்துவிட்டு முதலில் அவரைப் போய்ப் பாருங்கள். இல்லை என்றாலும் பரவாயில்லை. அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த அடுத்த தலைமுறை, எழுபது வயதுக்காரர்கள், இன்னும் இருக்கிறார்கள்.

சண்டையை விட, அதற்குப் பிறகு வந்ததுதான் தோட்டங்களை அடித்துப் போட்டது. ரப்பர் ஏற்றுமதி நின்றது, வேலை நின்றது, அரிசி கிடைக்கவில்லை. மரவள்ளிக் கிழங்கே சாப்பாடு. சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க வந்தார்கள். நல்ல சம்பளம், மூன்று மாத வேலை என்று சொல்லிக் கூட்டிப் போனவர்களும் உண்டு, லாரியில் அள்ளிப் போனவர்களும் உண்டு. 1943 அக்டோபரில் அந்த 415 கிலோமீட்டர் பாதை முடிந்தது. மலாயாவிலிருந்து போனவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல் என்று மதிப்பிடப்படுகிறது, அவர்களில் பெரும்பான்மை தமிழர்கள். போர்க்கைதிகளாக இருந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்களுக்குப் பெயர் எழுதிய கல்லறைகள் இருக்கின்றன. தோட்டத்திலிருந்து போன நம் ஆட்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் எங்குமே கிடையாது. யார் போனார்கள், யார் திரும்பவில்லை என்பது வீட்டுப் பேச்சில் மட்டும்தான் இருக்கிறது.

அதனால், 'ஜப்பான்காரன் காலம் எப்படி இருந்துச்சு பாட்டி?' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். 'ரொம்பக் கஷ்டம்மா' என்று ஒரே வரியில் முடிந்துவிடும். சின்னக் கேள்வியாகக் கேளுங்கள். எந்தத் தோட்டம்? எத்தனையாம் நம்பர் லயம்? கங்காணி பேர் என்ன? பிரட்டுக்கு எத்தனை மணிக்கு மணி அடிப்பாங்க? நம்ம வீட்டிலிருந்து சயாமுக்கு யார் போனது? கூடப் போன வேறு யாராவது பேர் ஞாபகம் இருக்கா? வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு வீட்டில் இருந்துச்சா, அதை என்ன பண்ணீங்க? கடைசிக் கேள்விக்குப் பலர் சிரித்துவிடுவார்கள். போர் முடிந்ததும் செல்லாத காசாகிப் போன நோட்டு அது, பிள்ளைகள் விளையாடக் கொடுத்ததாகச் சொன்னவர்கள் உண்டு. சிரித்த பிறகு பேச்சு தானாக வரும்.

கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள், ஆனால் முதலில் கேட்டுவிட்டு. தேதி, பேசியவர் பெயர், தோட்டத்தின் பெயர் மூன்றையும் பதிவின் தொடக்கத்திலேயே உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். இரண்டு வருஷம் கழித்துத் தேடும்போது இதன் அருமை தெரியும். வயதானவரைக் காரில் அழைத்துப் போனால் காலை நேரமே சரி. பழைய இடம் மாறிக் கிடப்பதைப் பார்த்துச் சிலர் பேசாமல் இருந்துவிடுவார்கள். அப்போது கேமராவை இறக்கிவிடுங்கள்.

சாப்பாடு, மழை, வெந்நீர்

டவுனில் நம்ம ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளும் மாமாக் கடைகளும் உண்டு. பசியாற எட்டு மணிக்குள் போய்விட்டால் கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்கும். வழி விசாரிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது, கூகுளுக்குத் தெரியாத கோயிலெல்லாம் அங்கே தெரியும். தஞ்சோங் மாலிம் வழியாகத் திரும்பினால் யிக் முன் கடைப் பாவ், வடக்கே போனால் பீடோர் கொய்யா. கைப்பேசிக் கட்டணம் பல கடைகளில் ஓடும், கோயில் உண்டியலுக்கும் சாலையோரக் கடைக்கும் சில்லறை வைத்துக்கொள்ளுங்க.

மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல். தித்திவங்சா மலைத்தொடர் பக்கத்திலேயே இருப்பதால், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மலையில் கொட்டிக்கொண்டிருக்கலாம். ஆற்றில் குளிக்க இறங்குபவர்கள் இதை மறக்கக் கூடாது. மலாயில் 'கெபாலா ஆயர்' என்று சொல்லும் திடீர் வெள்ளம் நிமிஷத்தில் வந்துவிடும். தண்ணீர் கலங்கினாலோ, இலை தழை அடித்து வந்தாலோ உடனே கரை ஏறுங்கள். சாமான் எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.

உலு சிலிமில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. முட்டை வேகும் அளவுக்குச் சூடு, அதனால் ஊற்று வாய்க்குப் பக்கத்தில் கால் வைத்துப் பார்க்கும் வீரமெல்லாம் வேண்டாம், குளிக்க ஆற வைத்த குளத்துக்குப் போங்க. பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்து மலைகளில் செமாய் பூர்வகுடி மக்களின் கிராமங்கள் உண்டு. அழைப்போ அனுமதியோ இல்லாமல் உள்ளே போய்ப் படமெடுக்கக் கூடாது. நம்ம வீட்டுக்குள்ளே யாராவது கேமராவோடு நுழைந்தால் எப்படி இருக்கும்?

இன்னும் ஒரு நாள் இருந்தால்

வடக்கே கம்பார். 1941 டிசம்பர் 30 முதல் நான்கு நாள் ஜப்பானியரைத் தடுத்து நிறுத்திய சண்டை அங்கே நடந்தது. கிரீன் ரிட்ஜ் என்ற குன்றில் ஏறிப் பார்க்கலாம், நல்ல காலணி வேண்டும். இன்னும் வடக்கே, தைப்பிங் போர் வீரர் கல்லறை. சாலையின் ஒரு பக்கம் கிறிஸ்துவ வீரர்கள், மறு பக்கம் இந்து, முஸ்லிம் வீரர்கள். பெயர் தெரியாதவர்களின் கற்கள் வரிசை வரிசையாக இருக்கும். இலவசம்தான்.

ரயிலில் தெற்கே திரும்புகிறவர்களுக்கு ஒன்று. சிலிம் ரிவர் நிலையத்தை விட்டுக் கிளம்பியதும் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பாருங்கள். சாலைப் பாலம் போன பிறகு, தப்பிய கூர்க்கா வீரர்கள் தண்டவாளத்தையே பிடித்துக்கொண்டு தஞ்சோங் மாலிம் வரை நடந்தார்கள். இப்போதுள்ள இரட்டைத் தண்டவாளம் பிறகு போட்டது, ஆனால் ஆறு அதே ஆறுதான். இ.டி.எஸ் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை போகக்கூடியது. ஆறு தெரிவது சில நொடிகள்தான்.